இருபத்தொன்றாம் பக்கம்

பதினோராவது புத்தகத்தின் கடைசி வரியில் விரலை வைத்தபடி மூட்டைக்காரர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

இதிலும் இல்லை.

புதன்கிழமை மூன்று மணிக்கு நூலகத்தில் முதியோர் எழுத்து வகுப்பு. பக்கத்தில் இருந்த தையல்காரர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "என்னய்யா, எந்தப் புத்தகத்த எடுத்தாலும் மொதல்ல இருபத்தொண்ணாம் பக்கத்துக்கு ஓடுற? அங்க என்ன, சோறு போடுறாங்களா?"

அங்கேதான் மூட்டைக்காரரின் மனைவி போட்ட குறி இருக்கும்.

பெரிய எழுத்துப் புத்தக அலமாரியில் வயதானவர்கள் எல்லோரும் செய்கிற திருட்டு வேலை அது. படித்ததையே மறுபடி தூக்கிக்கொண்டு போகாமலிருக்க, ஆளுக்கொரு பக்கத்தில் பென்சிலால் ஒரு குறி. ஒருவருக்கு வட்டம், ஒருவருக்குப் பூனைக்காது. அவளுக்கு இருபத்தொன்று என்ற எண்ணுக்குக் கீழே ஒரு புள்ளி, அதற்கொரு வால். தலைப்பிரட்டை மாதிரி.

சாயங்காலம் அவர் குளித்துவிட்டு முதுகைச் சுவரில் சாய்த்ததும் அவள் புத்தகத்தைப் பிரிப்பாள். நாக்கில் விரலைத் தொட்டுப் பக்கம் பக்கமாகப் புரட்டுவாள். அவர்களுக்குக் கல்யாணமே நாற்பதுக்கு மேல்தான். ஐந்தாவது வரை படித்தவள் என்று அவள் சொல்லியிருந்தாள். அதைச் சொல்லிச் சொல்லியே சக சுமைக்காரர்களிடம் பீற்றிக்கொள்வார்.

கடைசியாகப் படித்தது பூட்டிய வீட்டின் கதை. ஒருத்தி வேலை முடிந்து வருகிறாள். தன் கையால் பூட்டிய வீட்டுக்குள் விளக்கு எரிகிறது. கதவைத் தட்டுகிறாள். உள்ளிருந்து "யாரு?" என்று ஒரு குரல்.

அது அவளுடைய குரலேதான்.

"மிச்சம் நாளைக்கு" என்று புத்தகத்தை மூடிவைத்தாள்.

காலையில் அவள் எழுந்திருக்கவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு அவரே அந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் நூலகத்தில் திருப்பிக் கொடுத்தார். பெயர்கூடப் படிக்கத் தெரியாதவருக்கு அது எது என்று எப்படித் தெரியும்?

அன்றிலிருந்து வீட்டுப் பூட்டில் சாவியை நுழைக்குமுன் கதவில் காதை வைத்துக் கேட்கிறார். உள்ளே இருந்தது யார்? கதவு திறந்ததா, வெளியே இருந்தவள் அப்படியே நின்றுவிட்டாளா? அந்த முடிவுக்காகத்தான் அறுபத்திரண்டு வயதில் அ, ஆ. அதற்காகத்தான் குறி பார்த்துப் பார்த்து, எழுத்துக் கூட்டி, ஒரு வருஷமாக.

அவள் படித்துக் காட்டிய மற்ற கதைகளும் அகப்படவில்லைதான். தனக்குத்தான் படிக்க வரவில்லை என்று நினைத்துக்கொண்டார். மூட்டை சுமந்த தலைக்குள் எழுத்து அவ்வளவு லேசில் இறங்கிவிடுமா?

எழுந்து நூலகரம்மாவிடம் போனார்.

"அம்மா, எங்க வீட்டுக்காரி எடுத்த புத்தகத்துல ஒண்ணு குறையுது. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

நூலகரம்மா பழைய பதிவேட்டை எடுத்து அவர் பக்கம் திருப்பி வைத்தார். "பதினொண்ணுதான், ஐயா. நீங்களே பாருங்க."

அவள் பெயரை அவரால் இப்போது படிக்க முடிந்தது. பெயருக்கு நேரே, கையெழுத்துப் போடுகிற கட்டத்தில், நீல மையில் ஒரு கட்டைவிரல். அடுத்ததிலும் கட்டைவிரல். பதினொன்றிலும்.

நூலகரம்மா குரலைத் தாழ்த்தினார். "வகுப்புல சேருங்கன்னு எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். நம்பர் தெரியும், அது போதும்னுட்டாங்க. அட்டைப் படத்தப் பார்த்துதான் எடுப்பாங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

தையல்காரர் பின்னாலிருந்து கூப்பிட்டது அவர் காதில் விழவில்லை.

ஒவ்வொரு கதை முடிந்ததும் அவர் கேட்பார், இதையெல்லாம் யார் எழுதுவது என்று.

"யாரோ ஒரு பொம்பள" என்பாள், மூடிய புத்தகத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு. "உங்களுக்கு அவளத் தெரியாது."