மிஸ்ட் கோல் பரீட்சை

எங்கள் அக்கரப்பத்தனை மாலை வகுப்பில் ஆங்கிலம் கற்பிக்கும் யசோதினி டீச்சர் நேற்று ஒரு விளையாட்டு வைத்தார். எங்கள் போன்களுக்குப் பத்து ஆங்கில வசனங்களை ஒவ்வொன்றாக அனுப்புவார். வசனம் சரியென்றால் நாங்கள் அவருடைய போனுக்கு ஒரு மிஸ்ட் கோல் அடிக்க வேண்டும், பிழையென்றால் இரண்டு. வெல்பவருக்கு ஹட்டன் கணினி வகுப்பில் இடம். இருப்பது ஒரே இடம். எனக்கு அது கட்டாயம் வேண்டும்.

நாங்கள் குடியிருக்கும் தோட்டத்து லயத்தில் சிக்னல் கிடைக்காது. பாறை மேல் ஏறி நின்று, ஒவ்வொரு வசனத்தையும் மூன்று தடவை வாசித்து, கொப்பியில் எழுதிப் பார்த்த பிறகே பதில் கொடுத்தேன்.

இன்று டீச்சர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"பத்தும் பிழையான வசனங்கள். நிரஞ்சன் மட்டும்தான் பத்துக்கும் ரெண்டு கோல் அடிச்சவர்!"

பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருந்த சுலக்ஷனா என்னை முறைத்தாள். "எல்லாமே பிழைன்னு போட எம்புட்டு தைரியம்டா ஒனக்கு! நான் ஆறாவதுலயே பயந்துட்டேன்."

"தன்னில நம்பிக்கை இருக்கிறவருக்குத்தான் இது வரும்," என்றார் டீச்சர். "ஹட்டனுக்கு நீர்தான் போறீர்."

எல்லாரும் கைதட்டினார்கள். உண்மை எனக்கு மட்டும்தான் தெரியும். பத்து வசனங்களும் சரியென்றுதான் நான் நினைத்தேன். அடித்த கோல் டீச்சருக்குப் போய்ச் சேர்ந்ததோ இல்லையோ என்று, ஒவ்வொரு தடவையும் இன்னொன்று அடித்து வைத்தேன்.