முத்தம்மாவைப் பிடிக்க ஆளில்லை

ஐந்தாவது முறையும் நர்மதா ஒதுங்கி வழி விட்டாள்.

முத்தம்மா பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு அவளைக் கடந்து ஓடினாள். வரப்போரம் போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி, பந்தோடு தொப்பென்று விழுந்தாள்.

ஜெரால்ட் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

ஆளைச் சாய்ப்பதில் நர்மதாவை மிஞ்ச அந்த அணியில் யாரும் கிடையாது. வாரம் ஆறு நாள் தேர்வாய் கண்டிகையில் கம்பெனி வேலை. ஏழாம் நாள் இந்த அறுத்த வயலுக்கு வந்து, ஓடி வருகிறவளின் தொடையைக் கட்டிப் பிடித்துச் சரித்துப் போட்டுவிடுவாள். விழுந்தவள், இது எந்த ஊர் என்று யோசித்துக்கொண்டே எழுந்திருப்பாள்.

ஆனால் முத்தம்மா ஓடி வந்தால் மட்டும் அவளுக்கு என்னவோ ஆகிவிடும். குனிந்து நிற்கிறவள் நிமிர்ந்துவிடுவாள். டி-ஷர்ட் போட்டிருப்பதை மறந்து, இல்லாத துப்பட்டாவைத் தேடிக் கை தோளுக்குப் போகும். அதற்குள் முத்தம்மா போய்விட்டிருப்பாள்.

நான்கு மாதமாக ஞாயிறுதோறும் பயிற்சி கொடுக்க ஜெரால்ட் சென்னையிலிருந்து முதல் மின்சார ரயிலைப் பிடித்து, கும்மிடிப்பூண்டியில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் இரண்டு பந்துகளோடு வந்துகொண்டிருந்தான். ரக்பி லீக் என்ற பெயரை இந்தப் பக்கம் யாரும் கேட்டதில்லை. நீள உருண்டைப் பந்தைப் பார்த்து, காத்து எறங்கிப்போச்சா சார் என்று விசாரித்தார்கள். ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, கபடிதான், மூச்சு உட்டுக்கினே ஆடறது என்று முடிவுக்கு வந்தார்கள்.

பதின்மூன்று பேர் வேண்டும். பன்னிரண்டு பேர்தான் தேறினார்கள்.

பதின்மூன்றாவது ஆள் முத்தம்மா. வயலை மிதிக்கிறார்கள் என்று முதல் நாள் அவர்களைத் துரத்த வந்தவள், காலடியில் உருண்டுவந்த பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பறிமுதல்தான் என்று ஜெரால்ட் நினைத்தான். மறுமுனை வரப்பைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்து, மூச்சு வாங்க, இன்னொரு தபா ஓடட்டுமா என்று கேட்டாள். வயது நாற்பத்தேழு.

அடுத்த ஞாயிறு சென்னையில் போட்டி. இந்த முறையும் இங்கிருந்து அணி வராவிட்டால் இரண்டு பந்துகளையும் வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவதாக ரக்பி சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். அங்கே ஆட வருகிறவர்களில் பாதிப் பேர் முத்தம்மா கனம் இருப்பார்கள். அந்தக் கனத்தை நர்மதா இங்கேயே சாய்த்துப் பழகாவிட்டால், டிக்கெட் எடுத்து ரயிலேறுவதே வீண்.

அவனுக்குத் தோன்றிய காரணம் ஒன்றே ஒன்று. வயல் முத்தம்மாவுடையது.

நர்மதாவைத் தனியே கூப்பிட்டான்.

"கோட்டுக்கு உள்ள நிலத்துக்காரங்கன்னு யாரும் கிடையாதும்மா. பந்து வெச்சிக்கினு ஓடறவங்க, புடிக்கிறவங்க, அவ்ளோதான்."

"அதில்ல சார்..."

"பின்ன இன்னா?"

நர்மதா வரப்பைப் பார்த்தாள். அங்கே உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஊர்ப் பெண்கள் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜெரால்டுக்குப் பொறுமை போய்விட்டது. இது கடைசித் தடவை, இப்போதும் பிடிக்காவிட்டால் பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த ரயிலுக்குப் போய்விடுவேன் என்று வயல் முழுக்கக் கேட்கும்படி கத்தினான். விசிலை ஊதினான்.

முத்தம்மா ஓடி வந்தாள்.

இடப்பக்கம் காலி. வலப்பக்கமும் காலி. எந்தப் பக்கமும் திரும்பாமல், நர்மதாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நேராக வந்தாள்.

நர்மதாவின் கை தோளுக்குப் போனது. பாதி வழியில் நின்றது.

அவள் குனிந்தாள்.

தோள் முத்தம்மாவின் இடுப்பில் மோதியது. இரண்டு கைகளும் அவள் முழங்காலுக்குப் பின்னால் போய்ப் பூட்டிக்கொண்டன. இருவரும் சேர்ந்து விழுந்த வேகத்தில் ஆள் தெரியாத அளவுக்குப் புழுதி கிளம்பியது.

வரப்பில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். மற்ற பதினோரு பெண்களும் நின்ற இடத்தில் நின்றார்கள். முத்தம்மாவுக்கு எங்காவது முறிந்துவிட்டதோ என்று ஜெரால்ட் புழுதிக்குள் எட்டிப் பார்த்தான்.

புழுதிக்குள்ளிருந்து குரல்தான் முதலில் வந்தது.

"அப்பிடி புடிடீ! நாலு மாசமா இன்னாத்துக்கு வழி உட்டுக்கினு இருந்த?"

முத்தம்மா எழுந்தாள். அவன் சொல்லிக்கொடுத்திருந்தபடியே பந்தைக் காலடியில் வைத்து, குதிகாலால் பின்னுக்கு உருட்டிவிட்டாள். நர்மதா இன்னும் தரையிலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பதறி ஓடினான் ஜெரால்ட். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பையைத் திறந்து போட்டிக்கான படிவங்களை எடுத்தான். ஆளுக்கொரு தாள். பெயர், வயது, முகவரி. அடியில், வீட்டில் ஒருவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

வீட்டில் காட்டிக் கையெழுத்து வாங்கி வா என்று நர்மதாவிடம் ஒரு தாளை நீட்டினான்.

அதை முத்தம்மா வாங்கிக்கொண்டாள். புழுதிக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, பேனாவை அழுத்திப் பிடித்து, நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். என்ன உறவு என்று கேட்டிருந்த இடத்தில் 'மாமியார்' என்று எழுதினாள்.

பிறகு தன்னுடைய தாளை எடுத்து நர்மதாவின் மடியில் போட்டாள்.

"என்னுதுல நீ போடு."