பேரன் பங்கு

உப்பு ஜாடிக்குப் பின்னால் இருந்த மாத்திரை அட்டையைப் பார்த்ததும், கொதித்துக்கொண்டிருந்த மீன் குழம்பை அப்படியே விட்டுவிட்டுத் தனகோடி வாசலுக்கு ஓடினாள்.

"ஏய் பிரபா, இது உன்னுதா?"

துணி உலர்த்திக்கொண்டிருந்த மருமகள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். நேற்றுதான் தலைசுற்றல் என்று செங்கல்பட்டு போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

தனகோடிக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அந்தச் சின்ன மஞ்சள் மாத்திரையைத் தெரியும். மகள் மாசமாக இருந்தபோது வேளை தவறாமல் எடுத்துக் கொடுத்ததே அவள்தான். மகன் வழிப் பேரனுக்காக நாலு வருஷமாகக் காத்துக் காத்துக் கண் பூத்துப் போயிருந்தவளுக்கு இதற்கு மேல் சாட்சி வேண்டுமா?

"டாக்டரு இன்னா சொன்னாங்க?"

"நல்லா சாப்டச் சொன்னாங்க அத்த. கீரை, பயறு, முட்ட, ஈரலு. மூணு வாரம் கழிச்சித் திரும்ப வரச் சொன்னாங்க."

"பின்ன சொல்ல மாட்டாங்களா? ரெண்டு உசுராச்சே."

பிரபா தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று தனகோடி முடிவு கட்டினாள்.

அந்த வீட்டில் சாப்பாட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. மீனில் நடுத்துண்டு வேன் ஓட்டும் மகன் பார்த்திபனுக்கு, தலை அவன் அப்பா சின்னராசுவுக்கு, வால் தனகோடிக்கு. மருமகளுக்குச் சட்டியில் ஒட்டியது. கீரை கடைந்தாலும் அதே கதைதான். அன்றைக்கே அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. சட்டசபையில்கூட இவ்வளவு சீக்கிரம் ஒரு திருத்தம் நிறைவேறியிருக்காது.

காலையில் முட்டை, மத்தியானம் முருங்கைக்கீரை, சாயங்காலம் பாசிப்பயறு சுண்டல். பார்த்திபன் திருக்கழுக்குன்றம் போய் ஆட்டு ஈரல் வாங்கி வந்தான். சின்னராசு மட்டும் தன் தட்டில் முட்டையைக் காணாமல் முனகினார்.

"இன்னாடி, இந்த வூட்ல நானும் கீறேன்ல?"

"இத்தினி வருசம் துன்னது பத்தாதா? இனிமே பேரன் துன்னட்டும்."

பிரபா எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வைத்ததையெல்லாம் வழித்துச் சாப்பிட்டாள். "இன்னும் கொஞ்சம் துன்னு. உனக்கில்ல, உள்ள இருக்கறவனுக்கு" என்று மாமியார் சொல்லும்போதெல்லாம் இன்னொரு கரண்டிக்குத் தட்டை நீட்டினாள்.

வெளுத்துக் கிடந்த முகத்தில் ரத்தம் ஓடியது. ஆம்பளப் புள்ளதான், மூஞ்சப் பாத்தாலே தெரியுது என்று தெருவே தீர்ப்புச் சொன்னது.

மூன்று வாரம் கழித்து டாக்டரைப் பார்க்கத் தனகோடியும் கூடவே வந்தாள். டாக்டர் ஜெஸ்ஸி பிரபாவின் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். ரத்தப் பரிசோதனை முடிவைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"நல்லா ஏறியிருக்கு பிரபா. நாக்குப் புண்ணும் ஆறிடுச்சு. ஆனா மாத்திரைய நிறுத்திடாதீங்க, நாலு மாசம் போடணும்."

"புள்ள எப்டி கீது டாக்டரம்மா?" என்று தனகோடி குறுக்கே புகுந்தாள்.

"எந்தப் பிள்ளை?"

"வயித்துல இருக்கற புள்ளதான். அதுக்குத்தான மாத்தர குடுத்தீங்க?"

"மாசமா இருக்கறவங்களுக்கு மட்டும் இல்லம்மா அந்த மாத்திரை. இவங்களுக்கு ஃபோலிக் ஆசிட் சத்துக் குறைஞ்சிருந்துச்சு. கீரை, பயறுன்னு ஒண்ணும் சேராததால ரத்தம் சரியா ஊறல. அதான் தலைசுத்தல், நாக்குல புண்ணு. வீட்ல சொல்லி நல்லா சாப்பிடுங்கன்னு அன்னைக்கே விவரமா சொல்லி அனுப்பினேனே."

இப்போது தலைசுற்றல் தனகோடிக்கு வந்தது. தெருவுக்கு என்ன பதில் சொல்வது என்ற கவலை வேறு. வெளியே வந்ததும் மருமகளின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஒடம்புல சத்து இல்லன்னு அன்னிக்கே வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னாடி?"

கல்யாணமான நாளிலிருந்து முதல் முறையாக, பிரபா மாமியாரின் கண்ணைப் பார்த்துப் பேசினாள்.

"சொல்லியிருந்தா, எனக்குன்னு எடுத்து வெச்சிருப்பீங்களா அத்த?"