எட்டு கெஜச் சேலை

சிங்கப்பூரில் வட்டி இறங்கினால், அதே வெள்ளிப் பணம் செல்லும் ஊர்களிலெல்லாம் துணி நீளும். ஈப்போ துணிக்கடைக்காரர் நெய்னா முகம்மது மூன்று வருடங்களாக இதைக் கெஜக்கோலால் அளந்து வந்தார். சித்தியவானில் ஒரு சாண் நீண்டது, பாகான் டத்தோவில் ஒரு முழம் என்று அங்கே கடை வைத்திருந்த தம்பிமார் கடிதம் போடுவார்கள்.

அன்று காலை வட்டி இறங்கியதாகத் தந்தி வந்தது. கடைக்கு வந்த சுங்காய் ரப்பர்த் தோட்டத்து இருளாயிக்கு மூன்று மகள்கள். கையிலோ ஒரு சேலைக்குத்தான் காசு. எட்டு கெஜம் அளந்து கிழித்த சிவப்புச் சேலை, மடிக்கும்போது பதினொரு கெஜமாக இருந்தது.

“அண்ணே, கூட இருக்கே!”

“சிங்கப்பூர்ல வட்டி இறங்கிருச்சு லா. கொண்டு போ தங்கச்சி.”

“அப்ப மூணு பிள்ளைக்கும் தீபாவளிதான்!”

கட்டியிருந்த சேலைமேலேயே அதைச் சுற்றிக்கொண்டு, சிரித்தபடி ரயிலேறினாள்.

மாலை ஐந்து மணிக்கு ரயில் சுங்காய் போய்ச் சேர்ந்தது. ஈப்போவில் நெய்னாவால் கடையை அடைக்க முடியவில்லை. சிவப்பு முந்தானை இன்னும் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.