பெயர் எழுத வேண்டாம்

திரையில் மூன்று தூண்கள் நின்றன. முதலாவது மிக உயரம், இரண்டாவது சுமார். மூன்றாவது தரையோடு தரையாக இருந்தது.

அதன் அடியில், 'தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய் – 1' என்று இருந்தது.

தலைகள் என் பக்கம் திரும்பின. ஒன்பது தலைகள்.

எண்ணுவது என் பிழைப்பு. மாத்திரை அட்டைகள் நகர்ந்து வரும் பட்டையின் ஓரத்தில் எட்டு வருடமாக நிற்கிறேன். அட்டைக்குப் பத்துக் குழி. ஒன்பதில் மாத்திரை இருந்து ஒன்று காலியாக வந்தால், நான் யோசிப்பதற்கு முன்பே கை அதை எடுத்துவிடும்.

போன வாரம் எங்கள் பிரிவுப் பெண்கள் பதினொரு பேருக்கும் மனநலம் பற்றி ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். மேலே கொட்டை எழுத்தில் 'பெயர் எழுத வேண்டாம்'. அதன் முடிவைச் சொல்லத்தான் இந்தக் கூட்டம். கடைசியில் உதவி மேற்பார்வையாளர் யார் என்றும் அறிவிப்பார்கள்.

அந்தப் பதவி இரண்டு முறை என்னைத் தாண்டிப் போயிருக்கிறது. இரண்டு முறையும், நான் வேலை கற்றுக்கொடுத்த ஆண்களுக்கு. வீட்டைப் பார்த்துக்கொள்ள அவர்களுக்கு ஆள் இருக்கிறதாம். இந்த முறை பட்டியலில் என் பெயர்தான் முதலில் இருப்பதாக மேற்பார்வையாளர் அக்காவே சொல்லியிருந்தார்.

அக்காவுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'எங்க வீட்டுக்காரர்'. வாயைத் திறந்தால் அதுதான் முதல் வார்த்தை. எங்க வீட்டுக்காரர் குடை எடுத்துட்டுப் போன்னாரு. எங்க வீட்டுக்காரருக்கு லீவு போட்டா பிடிக்காது. மகளுக்குக் காய்ச்சல் என்று நான் விடுப்புக் கேட்டு நின்றபோதும், எங்க வீட்டுக்காரர்னா அவரே பாத்துக்குவாரு என்றார். அன்று கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

நிர்வாக அதிகாரி அந்த ஒருத்தியின் தாளைப் படித்தார். தூக்கம்: மூன்று மணி நேரம். அழுகை: தினமும். வேறு ஏதேனும் சொல்ல விரும்பினால்: 'நீ போ, நான் பாத்துக்கறேன் என்று யாராவது ஒரே ஒரு நாள் சொன்னால் போதும்.'

யாரோ உச்சுக்கொட்டினார்கள்.

அதிகாரி நல்ல மனிதர். தாளை மடித்துவிட்டு என்னைப் பார்க்காமல் பார்த்தார்.

"பேரெல்லாம் வேண்டாம்மா. யாருன்னு புரியுது. இருக்கற கஷ்டமே போதும், மேல பொறுப்பைத் தூக்கித் தலையில வைக்க மாட்டோம். கவலைப்படாதீங்க."

அவ்வளவுதான். எட்டு வருடம் ஓர் ஆறுதல் வார்த்தையில் முடிந்தது.

பக்கத்தில் இருந்தவள் முழங்கையால் இடித்தாள். "வாயைத் திறடி. நீதான் எழுதினேன்னு என்ன நிச்சயம்?"

"நான்தான் சார் எழுதினேன்," என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

நான் எழுதவில்லை.

மூன்றாவது கட்டத்தில் குறி போட்டால், பெயர் எழுதாமலே என் பெயரை எழுதியதாகிவிடும் என்று எனக்குத் தெரியும். அதனால் முதல் கட்டத்தில் போட்டேன்: கணவருடன் வசிப்பவர். தூக்கம்: எட்டு மணி நேரம். அழுகை: இல்லை. எழுதி முடித்தபோது அந்தப் பெண்ணின் மேல் எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

என்னைத் தவிர, தாள் எழுதிய பெண்கள் அக்காவோடு சேர்த்துப் பத்துப் பேர். திரும்பியவை ஒன்பது தலைகள்.

மேற்பார்வையாளர் அக்கா மட்டும் திரும்பவில்லை. மடியில் இருந்த குடையின் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேற்பார்வையாளர் ஆக்கும் முன்னால் அவரிடம் என்ன கேட்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்: வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா? பெயர் கேட்காத ஒரு தாள் அதற்குப் பிறகு இப்போதுதான் அவர் கைக்கு வந்ததோ என்னவோ.

உதவி மேற்பார்வையாளர் பதவி, சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத ஒருவருக்குப் போனது. எல்லோரும் கை தட்டினோம். நானும்தான்.

மாலை மணி அடித்ததும் மற்றவர்கள் கிளம்பினார்கள். கழித்த அட்டைகளை எண்ணிப் பெட்டியில் வைத்துப் பூட்டும்வரை அக்கா போக முடியாது. ஒரு மூலைக்குப் போய்த் தாழ்ந்த குரலில் போனில் பேசிக்கொண்டிருந்தார். தினமும் இதே நேரத்தில் பேசுவார். வீட்டுக்காரரோடு கொஞ்சல் என்று நாங்கள் கண்ணடித்துக்கொள்வோம். இன்று நான் பக்கத்தில் போனேன்.

"யார் தட்டினாலும் திறக்காத, கண்ணு. இதோ வந்துடறேன்."

என் மகளை வைத்துக்கொண்டிருக்கும் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு, அரை மணி நேரம் தாமதமாகும் என்று செய்தி அனுப்பினேன். பிறகு அக்காவின் கையிலிருந்து பெட்டிச் சாவியை வாங்கிக்கொண்டேன்.

"நீங்க போங்கக்கா. நான் பாத்துக்கறேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இல்லடி, எங்க வீட்டுக்காரர்..."

வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. நான் குனிந்து அட்டைகளை எண்ணத் தொடங்கினேன்.

முப்பதாவது அட்டையில் படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. எட்டு வருடத்தில் அக்கா ஓடி நான் கேட்டதே இல்லை.

குடை மேசைமேலேயே கிடந்தது.