பதினேழாம் எண்

“நானூத்தம்பது ரூபா உங்களுக்குத் தரணும்க்கா. கடன்பட்டவன் ஓடி ஒளிஞ்சு பார்த்திருக்கேன். பணம் வரவேண்டியவங்க ஒளியறதை இங்கதான் பார்க்கிறேன்” என்றார் ஆய்வுக்கூடத்தின் கணக்கர்.

தரை துடைப்பவள் மாப்பைப் பக்கெட்டில் முக்கிப் பிழிந்தாள்.

“அது கிடக்கட்டும் சார். சோப்புத்தூள் தீர்ந்து மூணு மாசம் ஆச்சு, ஆசிட்டை ஊத்தித் துடைக்கிறேன், கை எரியுது. லேடீஸ் பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் கேட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. அதுக்கெல்லாம் எப்பக் கையெழுத்துப் போடுவீங்க?”

அதற்கெல்லாம் கணக்கில் தலைப்பே இல்லை என்றார் அவர். ஆய்வுக்கு வந்த பணத்தை ஆய்வுக்குத்தான் செலவழிக்க வேண்டுமாம்.

அங்கே நடந்த ஆய்வு பெண்களுக்கானது. பெண்ணுறுப்பில் வரும் தொற்றை ஐந்தே நிமிடத்தில் சொல்லிவிடும் காகிதப் பட்டை ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். பஞ்சுக்குச்சியில் எடுத்த ஈரம் பட்டு நீலமானால் தொற்று, மஞ்சளாகவே இருந்தால் இல்லை. நான்கு வருடமாக அதிலேயே கிடக்கும் தலைமை ஆய்வாளர், மேடையில் ஒரு மணி நேரம் பேசினாலும் உறுப்பின் பெயரை மட்டும் சொல்லமாட்டார். ‘அந்தப் பகுதி’ என்பார்.

மூன்று மாதத்துக்கு முன் மாதிரி கொடுக்க ஆள் போதவில்லை. கட்டடத்தில் வேலை பார்க்கும் பெண்கள் எல்லோர் கையிலும் மேற்பார்வையாளர் பஞ்சுக்குச்சியைத் திணித்தார். சம்மதமா என்று கேட்கும் தாளில் எல்லோருக்கும் சேர்த்து அவரே ‘ஆம்’ போட்டுவிட்டார். தரை துடைப்பவளுக்குப் பதினேழாம் எண்.

நாற்பது பேரில் முப்பத்தொன்பது பேருக்கு நுண்ணோக்கி சொன்னதையே பட்டையும் சொன்னது. அதில் என்ன பெருமை? பதினேழில் மட்டும் நுண்ணோக்கி ஒன்றும் இல்லை என்று கைவிரிக்க, பட்டை கருநீலமானது. டாக்டர் ஏழு நாள் மாத்திரை கொடுத்தார். மறுவாரம் இரண்டாவது மாதிரி வாங்கினார்கள். பட்டை பளிச்சென்று மஞ்சள். நுண்ணோக்கிக்கே தெரியாத நோயைக் கண்டுபிடித்து, அது குணமானதையும் காட்டிவிட்டது பட்டை என்று ஆய்வாளர் துள்ளினார். அறிக்கையின் முதல் பக்கமே அவள்தான்.

நாளைக் காலை அங்கீகாரக் குழு வருகிறது. மாதிரி கொடுத்ததற்கான பணம் பெற்றுக்கொண்டேன் என்று அவள் கையெழுத்துப் போடாவிட்டால் பதினேழாம் எண் செல்லாது. அது செல்லாவிட்டால் நான்கு வருட உழைப்பும் தண்ணீரில் போட்டதுதான்.

கணக்கரால் முடியாமல் ஆய்வாளரே இறங்கி வந்தார். அவள் தினமும் துடைக்கும் நாற்காலியில் அவளையே உட்காரச் சொன்னார். லட்சக்கணக்கான பெண்கள் அவளை வாழ்த்துவார்கள் என்றார்.

“அந்தப் பகுதியில இருந்த தொந்தரவு இப்ப இல்லையேம்மா?”

“எந்தப் பகுதியில சார்?”

ஆய்வாளர் கூரையைப் பார்த்தார். கணக்கர் பேனாவை நீட்டினார்.

வாங்கிக்கொண்டாள். அவள் எழுத்துக் கூட்டக் கற்றதே நாற்பத்தாறு வயதில்தான். பேனா தாளைத் தொட்டது. அப்படியே நின்றது.

“மனசு வரல சார். கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்ட எழுத்து” என்று பேனாவை வைத்தாள். “தாழ்ப்பாள் இல்லாத கதவை ஒரு கையால பிடிச்சுக்கிட்டு, வெளிய மேற்பார்வையாளர் ‘ஆச்சா, ஆச்சா’ன்னு நிக்கும்போது என்னால முடியல. ரெண்டு தடவையும் பஞ்சைப் பக்கெட்டுல முக்கித்தான் குடுத்தேன். மொத வாரம் சோப்புத் தண்ணி, நீலமாச்சு. அடுத்த வாரம் சோப்பு தீர்ந்துபோய் ஆசிட் தண்ணி, மஞ்சளாச்சு.”

கணக்கர் நானூற்றைம்பதை ஒரே கோட்டில் அடித்தார். பிறகு, ‘மாதிரி சேகரிப்புச் செலவு’ என்ற தலைப்பின் கீழ், அதே வரியில், ‘தாழ்ப்பாள் ஒன்று’ என்று எழுதினார்.