அட்டைப்படத்து அரிசி

மலேசியாவின் தம்போய் அடுக்குமாடி நடைபாதையில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. அரசாங்கத்துக்காகக் கருத்துக் கேட்க வந்த சபீதா, உணவு உதவித் திட்டக் கையேட்டின் அட்டைப்படத்தையும் வாசலில் நிற்கும் மலரையும் மாறி மாறிப் பார்க்கிறாள். கொரோனா கால நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது, சாப்பாட்டுக்கு வழியில்லையென்று மலர் வெள்ளைத்துணி கட்டிய இதே கம்பிக்கதவுதான் படத்திலும். அதில் முகக்கவரிக்கு மேலே அவள் கண்கள் சிரிக்கின்றன. கையில் அரிசி மூட்டை, கிழிந்த முனையில் சிவப்புக் கயிறு. "அக்கா, இது நீங்கதானே? நல்லா பார்த்துக்கிட்டாங்கன்னு அஞ்சுக்கு அஞ்சு போட்டுரவா?" கம்பியில் இன்னும் இறுகிக் கிடக்கும் துணிமுடிச்சை மலர் நகத்தால் நெருடுகிறாள். "அடுத்த பக்கத்தத் திருப்பும்மா." அங்கே இன்னொரு படத்தில் பக்கத்து வீட்டுக் கமலநாதன் நிற்கிறார். அவர் கையிலும் ஒரு மூட்டை. அதே கிழிசல், அதே சிவப்புக் கயிறு. "படம் எடுத்ததும் மூட்டைய வாங்கிட்டுப் போயிட்டாங்க. அன்னிக்கு எங்க ரெண்டு வீட்டுலயும் உலை வைக்கல."